பழுதுப் புள்ளியியல்

பாயிரம்

புது மானிட்டர் வாங்கியவர், பெட்டியைப் பிரித்த கையோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொள்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; ஆனாலும் எல்லாரும் செய்கிறார்கள். இலக்கியம் இவ்வளவு வளர்ந்தபின்னும் தமிழில் இதற்கோர் இலக்கணம் இல்லாத குறையைத் தீர்க்க எழுந்தது இச்சிறு நூல். நுதலிய பொருள், பழுதான பிக்சல். கேட்போர், மாற்றித்தரும் கெடு இன்னும் முடியாதோர். பயன், மன அமைதி. அது கிட்டாவிடில் வேறொரு மானிட்டர்.

1. வகையியல்

முழு எச்.டி. திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்பிக்சல்கள், ஆக 62,20,800. எல்.சி.டி. திரையில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் பொறுப்பு. இத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர்கூட விடுப்பு எடுக்கக் கூடாது என்பது வாங்கியவர் கட்சி. அப்படியோர் அலுவலகம் உலகில் இல்லை என்பது உற்பத்தியாளர் கட்சி.

பழுது மூவகைப்படும். எப்போதும் இருண்டே கிடப்பது செத்த பிக்சல். எப்போதும் வெள்ளையாய் எரிவது சூட்டுப் பிக்சல். ஒரே நிறத்தில் நின்றுவிட்டது சிக்கிய பிக்சல். ‘டிரான்சிஸ்டர் போனால் புள்ளி இருளும்’ என்பாரும் உளர். அது எல்லாத் திரைக்கும் பொருந்தாது. மின்னழுத்தம் இல்லாதபோது ஐ.பி.எஸ். பேனல் ஒளியை அடைக்கும், டி.என். பேனல் ஒளியைத் திறந்துவிடும். ஆகவே ஒரே சாவு ஒரு வீட்டில் இருட்டாகவும் அடுத்த வீட்டில் விளக்காகவும் தெரியும் என்க.

2. காட்சியியல்

திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களை ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்ப்பதே முறை. வெள்ளை மட்டும் போதாதா எனின், போதாது. சிவப்பில் சிக்கிய துணைப்பிக்சல் வெள்ளைத் திரையில் ஒளிந்துகொள்ளும். அங்கே சிவப்பு எரிவது அதன் கடமைதானே. கறுப்பில் அது சிவப்பாய்ப் பிடிபடும். பச்சையில் மஞ்சளாய் வேடம் போடும். மாறாக, சிவப்பு செத்த பிக்சல் வெள்ளையில் நீலப்பச்சையாகவும், சிவப்பில் கரும்புள்ளியாகவும் தோன்றும்.

கறுப்புச் சோதனைக்கு இரவும் விளக்கணைத்த அறையும் வேண்டும். இருட்டில் ஒன்றுமில்லாத திரையை ஒருவர் உற்றுப் பார்ப்பதைக் கண்டு வீட்டார் கவலைப்படுவது இயல்பு. அதற்கு விடை சொல்ல முயலாமை நன்று.

3. அளவையியல்

கண்டதெல்லாம் பழுதாகாது, காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளாலும் தேர்ந்து தெளிக. காண்டலாவது, மென்துணியால் துடைத்துப் பார்ப்பது: போனால் தூசி. நகர்ந்தால் பூச்சி, அது கண்ணாடிக்கு உள்ளே நகர்ந்தால் நசுக்காதே, நிரந்தரமாகிவிடும். கருதலாவது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்ப்பது: திரையின் பழுது அந்தப் படத்துக்குள் ஏறாது. ஆனால் அப்படத்தை அதே திரையில் திறந்து பார்த்து, ‘புள்ளி அதே இடத்தில் இருக்கிறதே’ என்று மயங்குதல் இவ்வியலில் பெருவழக்கு. வேறொரு திரையில் பார்க்க. உரையாவது, கடைக்காரர் வாய்மொழி: ‘சார், அதெல்லாம் ஒண்ணுமில்ல.’ இது பிரமாணம் ஆகாது.

4. இடவியல்

24 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். கூர்ந்த கண்ணுக்கு அகப்படும், அசட்டையான கண்ணுக்குத் தப்பும் அளவு அது. பல கைபேசிகளில் அங்குலத்துக்கு 400க்கு மேல் நெருக்கி வைத்திருப்பதால் அங்கே பழுது இருந்தாலும் துக்கம் இல்லை.

பழுதின் பாவம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஓரத்தில் நின்றால் பொறுக்கலாம். கணக்குத் தாளில் இரண்டு இலக்கங்களுக்கு நடுவே நின்றால் தசமப் புள்ளி. தமிழருக்கு மட்டும் உரிய இடர் ஒன்று உண்டு: சிற்றெழுத்தில் ‘க’வின் தலைமேல் நின்றால் அது ‘க்’ ஆகிவிடும். ஓலைச்சுவடியில் புள்ளி இடாமலே எழுதிவந்தார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று பதிப்பாசிரியர்கள் ஊகித்துக் கண் கெட்டார்கள். அன்று இடாமல் விட்ட புள்ளிகளில் ஒன்றைத் திரை இன்று தானாகவே இடுகிறது. பிழைதிருத்துபவர் அதை எத்தனை முறை அழித்தாலும் போகாது.

5. பொறையியல்

எத்தனை பழுதைப் பொறுக்கலாம் என்பதற்கு உலகம் சட்டமே செய்திருக்கிறது. 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரநிலை திரைகளை நான்கு வகுப்பாக்கியது. முதல் வகுப்பில் ஒரு பழுதும் ஆகாது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு வெள்ளையாய் எரிவன 2, இருண்டன 2, துணைப்பிக்சல் பழுது 5 வரை ஆகும். பின்னர் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை இதன் இடத்துக்கு வந்தது. கடைக்காரர் ‘கம்பெனி லிமிட்டுக்குள்ளதான் இருக்கு’ என்பது இத்தகைய கணக்கை ஒட்டியே. வாங்கியவர் மனமோ முதல் வகுப்பு. கொடுத்த பணம் இரண்டாம் வகுப்பு. வழக்கெல்லாம் இந்த இடைவெளியில் பிறக்கிறது.

6. மருத்துவ இயல்

சிக்கிய பிக்சலுக்கு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி மணிக்கணக்கில் மின்னவிடுவதும், துணிவைத்து மெல்ல அழுத்துவதும் வழக்கிலுள்ள வைத்தியம். சில வேளை பலிக்கும். செத்ததற்கு மருந்தில்லை. அழுத்தம் மிகுந்தால் ஒன்று இரண்டாகும்.

முடிபு

கண்டுபிடிக்கும்வரை அந்தப் புள்ளி யாரையும் துன்புறுத்துவதில்லை. கண்டபின்னோ, மீதமுள்ள 20,73,599 பிக்சல்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே இந்நூலின் ஒரே விதி: மாற்றித்தரும் கெடு முடியுமுன் ஐந்து நிறத்திலும் ஒருமுறை தேடுக, முடிந்த மறுநாளிலிருந்து தேடற்க.