வாங்கப் போகிறவர்

மனித வர்க்கத்தைப் பொருள் வாங்குகிறவர்கள் என்றும் வாங்காதவர்கள் என்றும் இரண்டாகப் பகுத்த பொருளாதார சாஸ்திரிகள், கையில் பணமும் மனத்தில் விருப்பமும் நிரம்ப இருந்தும், வாங்குவதென்னும் காரியத்தை மட்டும் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்து, அந்த ஒத்திவைப்பிலேயே பரமானந்தம் கண்டு வாழும் மூன்றாம் வகுப்பாரைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில் சினிமாப் பார்ப்பதற்காகப் புரொஜெக்டர் வாங்கப் போகிறவர் இந்த வகுப்பாரின் திலகம். சென்னை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தேடினால் மாடிக்கு ஒருவராவது அகப்படுவார்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சோபாவுக்கு எதிர்ச் சுவரில், 7 அடி 3 அங்குல அகலமும் 4 அடி 1 அங்குல உயரமுமாக, பெயின்ட் வேலைக்காரர்கள் ஒட்டும் நீல நிற டேப்பினால் ஒரு நீள்சதுரம் அமைந்திருக்கும். அதுதான் 100 அங்குலத் திரை எழுந்தருளப் போகும் ஸ்தானம். திரை வந்தபாடில்லை என்றாலும், அந்த எல்லைக்குள் காலண்டர் தொங்கக் கூடாது. குழந்தைகள் சாயக் கூடாது. ஆயுத பூஜையன்று மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சந்தன குங்குமம் இட்டுக்கொண்டு வரும் அவருடைய மனைவி, முகத்தில் யாதொரு பாவமும் காட்டாமல், அந்த வெற்றுச் சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டு அப்பால் போவார்.

புரொஜெக்டர் பெட்டியை எங்கே வைப்பது என்பது அவருக்கு ஒரு தனிச் சாஸ்திரம். பெட்டிக்கும் சுவருக்கும் இடையேயுள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ. அந்த எண் ஒன்றரையாக இருந்தால் பெட்டியை ஏறத்தாழ 11 அடி தள்ளிக் கூரையில் மாட்டவேண்டும். மாட்டினாலோ, கூடத்தின் நட்டநடுவே சுழலும் மின்விசிறி கதாநாயகனின் சிரசை ஓயாமல் சீவிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் சாய்த்து வைத்துக் கோணலைப் பெட்டியே திருத்திக்கொள்ள விடலாமே என்று நாம் சொன்னால், அந்தத் திருத்தத்தில் படத்தின் புள்ளிகள் எத்தனை வீணாகின்றன தெரியுமா என்று பதறுவார். சுவருக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாலே போதுமென்ற அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகையைக் காட்டினாலும் பயனில்லை. அதன் ஒளி கீழிருந்து சாய்வாக ஏறுவதால், கொத்தனார் பூச்சில் விட்டுப்போன மேடுபள்ளமெல்லாம் நடிகையின் கன்னத்தில் அலையாக நெளியும் என்பது அவருடைய ஆட்சேபம்.

இடத்தை ஒருவாறு தீர்மானித்துவிட்டால் அடுத்தது தத்துவ விசாரம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் 1987இல் கண்டுபிடித்த, இலட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகளை அசைத்துப் படம் காட்டும் டிஎல்பி முறையை அவர் மனமாரப் புகழ்வார். ஆனால் அரை அங்குலம்கூட இல்லாத சில்லிலுள்ள சுமார் 20 இலட்சம் கண்ணாடிகள், இமைப்பொழுதில் நான்கு நிலைகளுக்குப் பெயர்ந்து 83 இலட்சம் புள்ளிகளாக வேஷம் போடுவதை ஃபோர்-கே என்று விற்பது அசத்தியம் என்று சீறுவார். வேஷம் போடாத எல்காஸ் வகையைச் சோனியும் ஜேவிசியும் செய்கின்றனவே என்றால், அதன் கிரயம் பல இலட்சம் என்ற ஞாபகம் வந்து, அவருடைய சத்திய விரதம் சற்றே தளர்ந்துபோகும்.

ஒளியின் விஷயத்தில் அவர் இரண்டு கட்சிகளுக்கும் ஏக காலத்தில் வக்கீல். இருட்டின சினிமா அரங்குக்கென்று அமெரிக்கச் சினிமாப் பொறியாளர்கள் வகுத்த பிரகாசம் 16 ஃபுட்-லாம்பர்ட் தான் என்றும், அவருடைய 30 சதுர அடித் திரைக்கு அந்தக் கணக்கில் 500 லூமென் தாராளம் என்றும், ஆயிரக்கணக்கில் லூமென் அச்சிட்ட அட்டைப்பெட்டிகளைக் கண்டு மயங்குகிறவர்கள் பாமரர்கள் என்றும் காலையில் நமக்கு உபதேசிப்பார். மாலையில் கடைக்காரர் 2000 லூமென் பெட்டியை எடுத்து வைத்தால், “பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்க இது போதுமா?” என்று உதட்டைப் பிதுக்குவார்.

இந்த விசாரணைக்கு நடுவே அவருடைய புத்திரன் வேறு ஒரு வழக்குப் போட்டிருந்தான். தகப்பனாருக்குச் சினிமா; பையனுக்கு பிளேஸ்டேஷன். தகப்பனார் கறுப்பு கறுப்பாகத் தெரியவேண்டும் என்பார். நிறம் எப்படிப் போனாலும் வேகம் வேண்டும் என்பான் பையன். விநாடிக்கு 60 பிம்பம் ஓடும் ஆட்டத்தில் ஒரு பிம்பத்தின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. பெட்டியோ படத்தை மெருகேற்றுகிறேன் என்று 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், பொத்தானை அழுத்தி ஏவிய குண்டு திரையில் புறப்படுமுன்பே அவன் எதிரி கையால் மாண்டுபோயிருப்பான். இருவருக்கும் இசைவான பெட்டி எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை ஏற்ற தகப்பனார், ஒப்பிட்டு ஒப்பிட்டு எக்ஸெல் தாளில் அட்டவணையை வளர்த்துக்கொண்டே போக, எட்டாம் வகுப்பில் வழக்குப் போட்ட வாதி, கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, மடிக்கணினியில் ஆடிக்கொண்டிருக்கிறான்.

வாங்குவதற்கு உகந்த காலமும் அவருக்கு வாய்ப்பதில்லை. வரி 28 சதவிகிதம் இருக்கும்போது வாங்குகிறவன் மூடன் என்றார்; 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்தது. குறைந்ததும், ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் புதிய மாடல்கள் வரவிருக்கும்போது பழையதை எவன் வாங்குவான் என்றார். லேசர் விளக்கு 20,000 மணி நேரம் எரியும், தினம் இரண்டு மணி வீதம் பார்த்தால் 27 வருஷம் வரும் என்று கணக்குக் காட்டியவரிடம், “அதற்கப்புறம்?” என்று கேட்டார்.

திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டி, பிற்பாடு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கையே எழுப்பினார் என்பது சரித்திரம். இதை ஒரு தடவை நம்மவர் காதில் போட்டபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “இரண்டு மாடலாவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்” என்று அனுதாபத்தோடு அபிப்பிராயம் சொன்னார்.

சென்ற மாதம் அவர் பணத்தோடு, மின்னணுச் சாதனக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் போய்விட்டார் என்ற செய்தி குடியிருப்பு முழுவதும் பரவிற்று. கடையின் இருட்டறையில் அவர் நடத்திய பரீட்சையை உடன்போன நாம் கண்ணாரக் கண்டோம். விரல்களை விரித்து முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டி, நிறச்சக்கரத்தினால் சிலர் கண்ணுக்கு மட்டும் புலப்படும் வானவில் தமக்குப் புலப்படுகிறதா என்று பார்த்தார். விசிறியின் இரைச்சலை அளக்கப் பெட்டியின் பக்கத் துவாரத்தில் காதை வைத்தார். சினிமாஸ்கோப் படத்தை ஓட்டச் சொல்லி, அதன் மேலும் கீழும் விழும் கறுப்புப் பட்டைகளை, தட்டான் பொன்னை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் சிரத்தையோடு நோக்கி, “இது கறுப்பில்லை, சாம்பல்” என்று தீர்ப்பளித்தார். அங்கே திகைத்து நின்றுகொண்டிருந்த நங்கநல்லூர்வாசி ஒருவர், “சார், எனக்கு எது சரியா வரும், நீங்களே சொல்லுங்களேன்” என்று பணிவோடு கேட்கவே, நம்மவர் அவருடைய கூடத்தின் நீள அகலம், ஜன்னல் திசை, பிள்ளைகளின் ஆட்டம் யாவற்றையும் விசாரித்து, கால்மணி நேரத்தில், துளியும் சந்தேகமின்றி ஒரு பெட்டியைச் சுட்டிக்காட்டினார். அந்த மனிதர் அந்த க்ஷணமே பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் நம்மவருக்கு நாற்காலி போட்டுக் காபி வரவழைத்தார்.

வீடு திரும்பியவரின் முகத்தில் அப்படியொரு தேஜஸை நாம் முன்பு கண்டதில்லை. கதவைத் திறந்த மனைவி, “என்னங்க, வாங்கியாச்சா?” என்றார்.

“ஆச்சு” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார் அவர். “முதல் தரமான பெட்டி. நங்கநல்லூர்க்காரர் ஒருத்தர் வாங்கிக்கிட்டுப் போனார்.”