பெங்களூரில் விற்பனையாகும் மூடுபனி

எச்.எஸ்.ஆர். லேஅவுட்,
பெங்களூர்.

அன்பும் மரியாதையும் மிகுந்த பெரியப்பா அவர்களுக்கு,

இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் பெரியம்மாவும், சரிவில் ஈரங்கோத்து நிற்கும் பூண்டுப் பாத்திகளும் க்ஷேமந்தானா என்பதற்குப் பதில் எழுதவும். கைப்பேசியில் வருவதெல்லாம் தகவலே அன்றிக் கடிதமாகாது என்றும், கடிதமென்றால் அதைத் தபால்காரர் கொடைக்கானல் மலையேறிப் பூம்பாறைக்குக் கொண்டுவந்து, நாலு பேர் பார்க்கத் தங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றும் நான் புறப்படுகிற அன்று தாங்கள் உத்தரவிட்டிருந்தபடியால், இந்த மகா நகரத்தில் தபால் உறை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதே எனக்கு ஒரு தனி உத்தியோகமாகிவிட்டது. என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்களுள் புத்திசாலியானவன், கைப்பேசியில் ஆர்டர் செய்தால் பத்து நிமிஷத்தில் உறை வீட்டுக்கே வந்துவிடுமே, தபாலாபீஸ் எதற்கு என்று கேட்டான்.

பிரயாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்மூரிலிருந்து இங்கே 450 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மாலை பஸ்ஸில் ஏறிப் பெருமாள்மலை தாண்டி இறங்குகையில், எதிரே ஏறி வந்த கார்களில் பாதிக்கு மேல் கர்நாடகப் பதிவெண் கொண்டவையாக இருந்ததையும், அவற்றில் பலவற்றின் பின்னிருக்கையில் ஓர் இளைஞனும் அவன் மடியில் ஒரு லேப்டாப்பும் வீற்றிருந்ததையும் கண்டேன். 2020-ஆம் வருஷத்துப் பெருந்தொற்றுக் காலத்தில், இருந்த இடத்திலிருந்தே வேலை செய்யலாம் என்று ஸ்தாபனங்கள் அனுமதி கொடுத்தாலும் கொடுத்தன, உத்தியோகமுள்ள பெங்களூர்க்காரர்கள் காற்றுக்காக நம் மலைக்கு ஏறுகிறார்கள். காற்றை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிற நம்மவர்கள் உத்தியோகத்துக்காகப் பெங்களூருக்கு இறங்குகிறார்கள். இரு திறத்தாரும் ஒரே கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்கிறோம். அந்தப் பையனும் நானும் செய்வது ஒரே வேலையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவன் பழைய ஆள். நான் புதிய ஆள். புதிய ஆள் நேரில் வந்து ஆபீஸில் உட்கார்ந்தால்தான் அவனுக்கு வேலை வரும் என்பது இவ்விடத்து சம்பிரதாயம்.

வத்தலக்குண்டில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரியெல்லாம் தூக்கத்தில் போயின. விடியற்காலையில் ஒசூர் தாண்டி, சில்க் போர்டு என்ற சந்திப்பை அடைந்தோம். மத்தியப் பட்டு வாரியத்தின் காரியாலயம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். முட்டையிலிருந்து வெளிவந்த பட்டுப்புழு இலை தின்று, கூடு கட்டி, பூச்சியாகி வெளிவருவதற்கு வேண்டிய அவகாசத்தை அந்தச் சந்திப்பில் நிற்கிற வாகனங்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் நிற்பதைப் பார்த்து நாம் எவ்வளவோ அங்கலாய்த்திருக்கிறோம்; அவ்வளவையும் இப்போது வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.

ஜாகை விஷயம் சொல்லி மாளாது. வீடு வாடகைக்குக் கேட்டால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வை என்பது இவ்வூரில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். அவ்வளவு பணம் இருந்தால் நான் பூம்பாறையிலேயே ஒரு நிலத்தை வாங்கிக்கொண்டு தங்கள் பக்கத்துப் பாத்திக்காரனாக இருந்திருப்பேன். ஆகவே பி.ஜி. என்று சொல்லப்படுகிற விடுதியொன்றில், ஒரே அறையில் மூன்று கட்டில்களுக்கு நடுவே வாசம். ஆகாரத்தில் குறையில்லை, சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்பது ஒன்றுதான். முதலில் திகைத்தேன், பிறகு கோபித்தேன், இப்போது பாயசம் வைக்காத குறையை அது தீர்த்துவைக்கிறதென்று சமாதானமாகிவிட்டேன். தாண்டிக்குடிப் பக்கம் விளைகிற பட்டர் ஃப்ரூட்டை இங்கே பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துத் தம்ளரில் கொடுக்கிறார்கள். நம் சந்தையில் ஒரு கிலோவுக்குச் சொன்னால் சண்டைக்கு வருகிற விலையை ஒரு தம்ளருக்குக் கேட்கிறார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். சின்ன மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவர் மரத்துக்கு மரம் காவல் போட ஆரம்பித்துவிடுவார்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலோ சுமார் 7,000 அடி. மார்கழி பிறந்ததும் இவ்வூரார் காதை மூடுகிற குல்லாயும் கம்பளியும் அணிந்து, கையைத் தேய்த்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தபோது, அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து எனக்கு ஜுரமா என்று கேட்டார்கள்.

நான் கொடைக்கானல்காரன் என்று தெரிந்ததிலிருந்து ஆபீஸில் எனக்கு ஒரு ஸ்தானம் கிடைத்திருக்கிறது. மலையாளத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது குணா குகையைப் பற்றித்தான். 1991-இல் ‘குணா’ படம் எடுத்தபோதுகூட அந்தப் பள்ளத்துக்கு இவ்வளவு கீர்த்தி இருந்திராது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபின், நான் தினசரி காலையில் அதில் இறங்கிப் பல் விளக்கிவிட்டு ஏறிவருகிறவன் என்பதுபோல் என்னிடம் பக்தியோடு பேசுகிறார்கள். அந்தப் பக்கமே நான் போய் வெகுகாலமாகிறது என்று சொன்னால் அவர்கள் மனம் புண்படும் என்பதால் தலையை மட்டும் ஆட்டுகிறேன். வடக்கத்திப் பையன் ஒருவன் கேட்ட கேள்விதான் எனக்குப் பதில் வராதது. “ஜனங்கள் லீவு போட்டுவிட்டுப் போகிற ஊரில் பிறந்தவன், லீவு எடுத்தால் எங்கே போவான்?” என்றான்.

இனி, வெப் பக்கங்களை வடிவமைக்கிற என் வேலை. “கடைக்குப் போர்டு எழுதுகிற வேலையா?” என்று தாங்கள் கேட்டதை நான் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. 1989-இல் ஜெனீவா அருகே செர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், விஞ்ஞானிகள் எழுதிவைப்பதை மற்ற விஞ்ஞானிகள் தத்தம் இடத்திலிருந்தே படிப்பதற்காக ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் இந்த வெப் என்பது. அவர் ஞானத்துக்காகச் செய்துவைத்த சாதனத்தில் நாங்கள் இப்போது ஹோட்டல் அறை விற்றுக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கிடைத்த முதல் வேலையே அதுதான்; அதுவும் எந்த ஊர் ஹோட்டல் என்று நினைக்கிறீர்கள்? நம்மூர் ஹோட்டல்! 450 கிலோமீட்டர் இறங்கி, மூன்று கட்டில் அறையில் குடியேறி, வெல்லச் சாம்பார் சாப்பிட்டு, நான் சித்திரம் தீட்ட வேண்டியது கொடைக்கானலை.

ஹோட்டல்காரர் கொடுத்த முகப்புப் படத்தில் ஓர் ஏரியும், அதற்குப் பின்னால் வெண்பனி போர்த்த சிகரங்களும் இருந்தன. இது சுவிட்சர்லாந்தாக இருக்க வேண்டும், நம்மூரில் பனிமழை பெய்வதில்லை, மார்கழி தையில் விடியற்காலைப் புல்லின்மேல் உறைபனி படிந்து வெயில் வந்ததும் போய்விடும், அவ்வளவே என்று மானேஜரிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். “கிளையன்டுக்குப் பிடித்திருக்கிறது” என்றார். யோசித்துப் பார்த்தால் நம் ஏரியும் ஆண்டவன் போட்டதல்லவே; 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை, சதுப்பில் ஓடிய நீரைக் கரை கட்டித் தேக்கி உண்டாக்கிய டிசைன்தானே அது! துரைக்கு மேலே மானேஜர் இருந்திருந்தால் பின்னணியில் இரண்டு பனிச்சிகரங்களும் கட்டச் சொல்லியிருப்பார். எப்படியிருந்தாலும் ஏரி விஷயத்தில் இவ்வூராரிடம் வாய் கொடுப்பதற்கில்லை. என் ஜாகைக்குச் சமீபத்திலுள்ள பெல்லந்தூர் ஏரியில் மழைக்காலத்தில் நுரை பொங்கித் தெருவுக்கு வந்ததுண்டு. 2017 பிப்ரவரியில் அந்த ஏரி தீப்பற்றியே எரிந்தது. தண்ணீர் எரிந்த ஊரில் கொடைக்கானலில் பனிமழை பெய்யலாகாது என்று வாதாடுவது எப்படி?

பிறகு, படத்தின்மேல் மூடுபனி நகர வேண்டும் என்றார்கள். வெள்ளை நிறத்தில் ஒரு திரை செய்து, அதன் அடர்த்தியை நாற்பது சதவீதமாகக் குறைத்து, இடமிருந்து வலமாக ஊர்ந்துபோகும்படி வைப்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வழி. எனக்கு மனம் ஒப்பவில்லை. நம்மூர் கோக்கர்ஸ் வாக்கில் எந்தப் பனி பக்கவாட்டில் போயிருக்கிறது? அது பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கிளம்பி, மரத்துக்கு மரம் ஏறி, இரும்புக் கிராதியை நனைத்து, பக்கத்தில் நிற்கிறவரை மறைத்து, சோளக்கதிர் விற்கிறவரின் அடுப்பு நெருப்பை மட்டும் ஒரு சிவப்புப் புள்ளியாக விட்டுவைத்து, திடீரென்று மனம் மாறிக் கிழிந்து, கீழே சமவெளியைக் காட்டுமல்லவா? அவ்வண்ணமே திரையின் அடியிலிருந்து எழும்பி, நடுவில் தயங்கி, மேலே போய்க் கலையும்படி இரவெல்லாம் உட்கார்ந்து செய்தேன். ஆபீஸில் எல்லோரும் கூடிப் பார்த்து மெய்ம்மறந்து நின்றார்கள். ஹோட்டல்காரர் ஒருவர்தான் மெய்ம்மறக்கவில்லை. “பனி நன்றாக இருக்கிறது. ஆனால் ‘புக் நவ்’ பொத்தானை மறைக்கிறதே!” என்றார்.

இப்போது அந்தப் பனி அடியிலிருந்து கம்பீரமாக எழும்பி வருகிறது. பொத்தானுக்கு அருகே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் ஒதுங்கி, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. நம் மலையில் எந்தப் பனியும் எந்தக் கலெக்டருக்கும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

தமிழ்ப் பக்கமும் ஒன்று வேண்டுமென்றார்கள். ‘புக் நவ்’ என்பதற்கு அளவெடுத்த பொத்தானில் ‘இப்போதே முன்பதிவு செய்யுங்கள்’ என்று எழுதியதும், எழுத்துகள் பெட்டியைக் கிழித்துக்கொண்டு இருபுறமும் வெளியே வந்துவிட்டன. மானேஜர் நெடுநேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “தமிழைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?” என்று கேட்டார். பொத்தானைப் பெரிதாக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் ‘முன்பதிவு’ என்ற ஒற்றைச் சொல்லோடு ராஜியாயிற்று.

ஊர் ஞாபகம் மிகுந்தால் நான் கோரமங்கலம் இரண்டாவது பிளாக் பக்கம் நடக்கப் போகிறேன். அங்கேதான் இந்திய வானியற்பியல் கழகத்தின் தலைமை நிலையம் இருக்கிறது. 1899-இல் நம் மலையில் ஸ்தாபிதமாயிற்றே, அங்கிருந்து 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் எவ்விதம் ஓடுகின்றன என்று கண்டறிந்து உலகுக்குச் சொன்னாரே, அந்த வானாராய்ச்சி நிலையத்திலிருந்து வளர்ந்த ஸ்தாபனம்தான் இது. 1971-இல் தனிக் கழகமாகி, வைணு பாப்பு அவர்களின் தலைமையில் 1975-இல் பெங்களூருக்கு இறங்கிவிட்டது. சூரியனைப் பார்க்கிற வேலை இன்றும் மலையில் நடக்கிறது, நிர்வாகம் இங்கே. நம் குடும்பத்தில் முதலில் இறங்கியவன் நான் என்று அழுத பெரியம்மாவிடம், எனக்கு முன்னால் தொலைநோக்கிக்காரர்களே இந்த வழியாக வந்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லவும். 1904 முதல் நம் மலையில் எடுத்த சூரியப் படங்களை இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஓய்வு கிடைக்கும்போது அவற்றைத் திறந்து பார்க்கிறேன். அந்தச் சூரியனை முன்பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதே ஒரு நிம்மதி.

பாஷைக்குப் பயமில்லை. அல்சூர் ஏரியருகே 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அதற்கு ஈடாகச் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞருக்குச் சிலை வைத்தார்கள். இரு புலவர்களும் அசையாமல் இருப்பதால் அவர்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. ஆட்டோக்காரரிடம் நான் கன்னடத்தில் ஆரம்பிக்கிறேன். என் கன்னடத்தைச் சகியாமல் அவர் தமிழுக்கு வந்துவிடுகிறார்.

முடிவாக ஒரு முக்கியமான சங்கதி. என் மானேஜர் மே மாதத்தில் குடும்பத்தோடு கொடைக்கானல் வருகிறார். பூம்பாறையையும் பார்க்க வேண்டுமாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டியிருக்கிறது என்பதும், 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டினார்கள் என்பதும் தாங்கள் அறிந்ததே. நம் மலையின் வாசற்கதவே இப்போது ஒரு வெப் பக்கமாகிவிட்டது என்று கேட்டதும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. அதன் பொத்தான்களைப் பற்றி ஏதும் அபிப்பிராயம் சொல்லாமல் அவர் உள்ளே வந்து சேர்ந்தால் போதும். வந்தவர் பனிச்சிகரம் எங்கே என்று தங்களிடம் கேட்பார். தயவுசெய்து சிரிக்க வேண்டாம். என் உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. “நேற்றுவரை இருந்தது” என்று சொன்னால் போதுமானது. அவர் திரும்புகையில் மலைப்பூண்டு இரண்டு கிலோ, காய்ந்ததாகப் பார்த்து, இறுகக் கட்டி அவரிடமே கொடுத்தனுப்பவும். கூரியர் செலவு மிச்சம். அத்துடன், அது காரில் இருக்கிறவரை சில்க் போர்டு சந்திப்பில் எவ்வளவு நேரம் நின்றாலும் அவர் தூங்கிவிடமாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை நாடும்
தம்பி மகன்