வந்தியத்தேவனுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வரலாற்றுக்கு இருந்தது ஒரே அலமாரி. அதுவும் பூட்டியே இருக்கும். “சரித்திரமா? முதல்ல பொன்னியின் செல்வன் முடிச்சிட்டு வா” என்பார் நூலகர். முடித்துவிட்டு வரலாம்தான். ஆனால் மூன்றாம் பாகம் எந்நேரமும் யாராவது ஒரு மாமி வீட்டில் இருக்கும். இரண்டிலிருந்து நாலுக்குத் தாவி, குந்தவையின் பாதி மனசு தெரியாமலே வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நச்சரித்தவர்களுக்கு மட்டும் பூட்டு திறக்கும். சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ கைக்கு வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு. அட்டையில் குதிரையும் இல்லை, குந்தவையும் இல்லை.

இப்போது அலமாரிக்குப் பூட்டு கிடையாது. 2022இல் படம் வந்ததும் அண்ணன் மகன் போன் செய்தான். “சித்தப்பா, ரியல் ஹிஸ்டரி புக் ஒண்ணு சொல்லுங்க.” நிபந்தனைகளும் வந்தன: இருநூறு பக்கத்தைத் தாண்டக் கூடாது, பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்க வசதி வேண்டும், கடைசியில் கொலைகாரன் பெயர் தெரிந்தாக வேண்டும். பின்னாலிருந்து அண்ணன் குரல்: “நம்ம ஆளுங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்கானான்னு கேளுடா!”

கொலைகாரர்கள் பெயரில் மர்மமே இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயில் சுவரில் ராஜராஜன் காலத்திலேயே வெட்டி வைத்துவிட்டார்கள்: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்று பட்டம் வேறு. கல்வெட்டின் கவலையெல்லாம் அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த சொத்து பற்றித்தான்; பறிமுதல் விவகாரம். தூண்டியது யார் என்பதில் அது வாய் திறக்கவில்லை. உத்தம சோழன் ஆண்ட காலம் முழுக்கக் கொலைக்குப் பழி வாங்கப்படவில்லையே என்று நீலகண்ட சாஸ்திரி அவன்மீது சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் மறுத்தார்.

“ஆளுக்கொண்ணு சொன்னா யாரை நம்பறது?” என்றான் பையன். நானும் அன்று இதையே கேட்டேன். “மணி எட்டாச்சு, பூட்டணும்” என்றார் நூலகர்.

வாழ்க்கை வரலாறு கேட்பவர்களுக்கு நான் ‘என் சரித்திரம்’தான் சொல்வேன், எழுநூறு பக்கத்தைத் தாண்டும் என்பதைச் சொல்ல மாட்டேன். உ.வே.சா. 1940 முதல் விகடனில் வாரா வாரம் எழுதியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த நூல்களையெல்லாம் 1880இல் அவர் பெருமையாக அடுக்க, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசாமி முதலியார் அசையாமல் கேட்டுவிட்டு, “சீவக சிந்தாமணி படித்ததுண்டா?” என்ற பொருளில் ஒரு கேள்வி போடுகிறாரே, அந்த இடம் எந்தக் கொலை மர்மத்துக்கும் குறைந்ததல்ல. தோற்றவரே அதை எழுதியிருப்பது இன்னும் விசேஷம். தம்மைப் பற்றி எழுதுகிற தலைவர்கள் இந்த ஓர் அத்தியாயத்தையாவது படிக்கலாம்.

அந்தக் காலத்தில் விகடனிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டிங்குக்கு வரிசையில் நிற்க வேண்டும். இப்போது இணையத்தில் இலவசம்; ஆகவே எல்லோரிடமும் இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. பையன் திறந்தான் என்பது எனக்கே ஆச்சரியம். முடித்துவிட்டுக் கூப்பிட்டான்.

“சித்தப்பா, பாதியில நிக்குதே?”

“எழுதிட்டிருக்கும்போதே 1942ல காலமாயிட்டார்டா.”

“அப்போ பார்ட் டூ?”

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய மாணவர் கி.வா.ஜ. ‘என் ஆசிரியப்பிரான்’ எழுதியிருக்கிறாரே! பெயரைச் சொன்னேன். எத்தனை பக்கம் என்று கேட்டான்.