ஒரு நபர் கமிட்டி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கல்லூரிகளில் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் அவர் ஒருவர் இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி அவர் பெயர் ‘கமிட்டி’. யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை, அவரே தன்னை நியமித்துக்கொண்டார். அரசாங்கம் போடுகிற ஒரு நபர் கமிஷன் அறிக்கை கொடுக்க வருஷக்கணக்கில் இழுக்கும். நம்முடைய ஒரு நபர் கமிட்டியோ ராத்திரி பன்னிரண்டரைக்கு வாட்ஸப் குழுவில் அறிக்கையைப் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்.

அறிக்கை என்றால் ஒரு படம். நீலக்கடல், அதன்மேல் வெள்ளைப் படகு, பின்னால் தேன் நிறத்தில் கட்டடங்கள். கீழே ஒரு வரி: “மச்சிஸ், செம் முடிஞ்சதும் ரெண்டு நாள் மால்டா. யார் யாரு வரீங்க?” ஐந்து நிமிஷத்தில் வகுப்பு முழுக்கக் கட்டைவிரலைத் தூக்கிவிடும். அவர்களில் பாஸ்போர்ட் உள்ளவன் ஒருத்தன்தான். அதுவும் துபாயில் இருக்கும் மாமா என்றைக்காவது கூப்பிடுவார் என்று எடுத்து வைத்தது.

ஐரோப்பாவில் இது நடக்கிற காரியம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து மலிவு விமானத்தில் ஏறுகிற மாணவக் கூட்டம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மால்டாவில் இருக்கும். வெயில் காயத்தான் போகிறார்கள். குளிர்நாட்டுக்காரனுக்கு வெயில் காசு கொடுத்து வாங்குகிற பண்டம். நமக்கு விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கேட்காமலே உச்சந்தலையில் இறங்கும். கமிட்டிக்கு இது மறுநாள் காலையில்தான் உறைக்கும். அதற்குள் யாரோ ஷெங்கன் விசாவுக்கு மட்டும் ஆளுக்கு 90 யூரோ என்று தேடிப் போட்டிருப்பார்கள். கமிட்டி அசருவாரா? “மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தாண்டா. நம்ம மாவட்டத்துல பத்து மால்டாவ வைக்கலாம். அவ்ளோ தூரம் போயி அத இன்னாத்துக்குப் பாக்கணும்?” என்று அடுத்த அறிக்கை வரும். அந்தத் தீவை நேற்று இழுத்துக்கொண்டு வந்தவர் இவரே என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் “அப்ப நீயே பிளான் போடு” என்பார். கமிட்டியின் பிரம்மாஸ்திரம் அது. அதற்கு எதிர் அஸ்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மால்டா கோவாவாகும். கோவா ரயிலில் இடம் கிடைக்காது, ஏற்காடாகும். ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கல் என்றதும் பிளான் பெண்கள் வீட்டு வாசற்படியில் போய் நின்றுவிடும். கமிட்டி எப்பேர்ப்பட்ட ஆள் என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் போடுவார்.

“அம்மா, கிளாஸ்மேட் பேசறேம்மா. காலைல கெளம்பினா சாயங்காலம் ஏழுக்குள்ள வூட்ல இருப்பாங்கம்மா.”

“நீ எந்த ஊரு தம்பி?”

“கூட்டேரிப்பட்டும்மா.”

“கூட்டேரிப்பட்டுல யாரு வூடு?”

இந்த ‘யாரு வூடு’க்குள் மடித்து வைத்திருக்கும் கிளைக்கேள்விகளை எல்லாம் கமிட்டி பக்குவமாகத் தாண்டுவார். பத்தாவது நிமிஷம் அந்த அம்மா, “அவளுக்கு வெயிலு ஒத்துக்காதுப்பா, தலைக்குத் துணி கட்டிக்கச் சொல்லு” என்று முடிப்பார். அனுமதி வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள் இரண்டு நாள் சுற்றுலா ஒரு பகலாகச் சுருங்கி, ஏற்காடு பாண்டிச்சேரி ஆகியிருக்கும்.

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சமபக்க முக்கோணம். வகுப்பில் பாதி விழுப்புரத்துப் பிள்ளைகள், பாதி திண்டிவனத்துப் பிள்ளைகள் என்றால் எங்கிருந்து கிளம்புவது? “எங்க ஊருக்கு வாங்க, நாலு வழிச்சாலை, சல்லுனு போயிரலாம்” என்று இவர்கள். “ஜங்ஷன் வெச்சிருக்கிறது நாங்க, பாண்டிக்கு 1879லயே ரயில் வுட்டது எங்க ஊர்லேர்ந்து” என்று அவர்கள். கூட்டேரிப்பட்டு இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பதால் கமிட்டியின் நடுநிலைமையை யாரும் சந்தேகிக்க முடியாது. “அவங்கவங்க ஊர்லேர்ந்து வந்துருங்க, பாண்டில சிலைகிட்ட மீட் பண்ணிக்கலாம்” என்று தீர்ப்பு வரும்.

எந்தச் சிலை என்று கமிட்டி சொல்வதில்லை. விழுப்புரம் கோஷ்டி வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே ரயிலில் போகலாம் என்றிருந்தது. ஒருத்தன் டீ குடிக்கப் போனதில் ரயில் போய்விட, பஸ் பிடித்து இந்திரா காந்தி சிலையருகே இறங்கும். திண்டிவனம் கோஷ்டி கோரிமேடு வழியாக வந்து ராஜீவ் காந்தி சிலையருகே இறங்கும். இரண்டு சதுக்கத்துக்கும் நடுவில் நல்ல தூரம். “சிலைகிட்டதான் நிக்கிறோம்.” “நாங்களும் சிலைகிட்டதான் நிக்கிறோம்.” இப்படியே முக்கால் மணி நேரம் தாயும் மகனும் தனித்தனியாகக் காத்திருக்க, கமிட்டி மட்டும் ஷேர் ஆட்டோவில் இருவருக்குமிடையே சமாதானத் தூதராக ஓடிக்கொண்டிருப்பார். அந்த ஆட்டோக் காசு கணக்கில் ஏறுவதில்லை.

அடுத்து, தீவு. கமிட்டி வாக்குத் தவறமாட்டார்; தீவு என்று சொன்னால் தீவு காட்டுவார். கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் சுண்ணாம்பாறு படகுத்துறை. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகில் உப்பங்கழியைத் தாண்டினால் பாரடைஸ் பீச். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் மணல்.

“இது தீவா கமிட்டி? நாலு பக்கமும் தண்ணி வேணும்ல?”

“மூணு பக்கம் இருக்குல்ல? நாலாவது பக்கம் பாக்காத.”

போகிற வழியில் வரலாற்றுத் துறைப் பையன் ஒருவன் அரியாங்குப்பத்தில் இறங்கி அரிக்கமேட்டைப் பார்க்கலாம் என்பான். “அங்க இன்னா இருக்கு?” “ரெண்டு இடிஞ்ச செவுரு.” கோரிக்கை அங்கேயே தள்ளுபடி. இதில் நான் கமிட்டியின் கட்சி இல்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் அது. மத்தியதரைக் கடல் பக்கத்து மது ஜாடிகளின் ஓடுகள் அங்கே கிடைத்தன. கிரேக்கத்துக் கோஸ் தீவின் வகையைச் சேர்ந்த ஜாடிகளும் அவற்றில் உண்டு. நாம் விசா கிடைக்காமல் தவிக்கிற கடலிலிருந்து சரக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஆற்றங்கரைக்கு வந்து இறங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் மதுவிலக்குப் போலீஸின் சோதனைச்சாவடி கிடையாது. இன்று உண்டு என்பதால்தான் “பாட்டில் எவனாவது தொட்டீங்க, அங்கியே வுட்டுட்டுப் போயிருவேன்” என்று கமிட்டி காலையிலிருந்து நாலு தடவை சொல்லியிருப்பார். அப்படியும் இரண்டு பேர் “ஏடிஎம் போய்ட்டு வரோம்” என்று காணாமல் போவார்கள்.

பயண ஏற்பாடு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்ட கிடங்கில்தான் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்வது சிறுபாணாற்றுப்படை. எந்தெந்த ஊர் வழியாகப் போவது, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அதில் இருக்கிறது: கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், ஆமூரில் நண்டோடு வெண்சோறு. நம் கமிட்டி வழியில் புலி, சாப்பாட்டில் பூஜ்யம். “போற வழில பாத்துக்கலாம்” என்பதோடு அந்த இலாகா முடிந்தது. பகல் ஒன்றரை மணிக்கு, பாரடைஸ் பீச் மணலில், பசி மயக்கத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது திண்டிவனத்துப் பெண் ஒருத்தி கட்டைப்பையைத் திறப்பாள். வாழையிலை வைத்து நியூஸ்பேப்பரில் கட்டிய புளிசாதப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பாதி வெட்டிய அவித்த முட்டை. கூட்டேரிப்பட்டுத் தம்பியை விசாரித்த அதே அம்மா விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து கிளறியது. “அந்தப் பையன் சோறு பத்தி ஒரு வார்த்த பேசல, அப்பவே தெரிஞ்சுது” என்றாராம்.

சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெருவை நடப்பவர்களுக்கு விடுகிறார்கள். காந்தி சிலைப் பக்கம் காற்று வாங்க அதுதான் நேரம். அந்த நேரத்தில் நம் ஆட்கள் பஸ்ஸில் இருப்பார்கள், ஏழு மணி வாக்குறுதியைக் காப்பாற்ற. ஏடிஎம் கோஷ்டியும் எப்படியோ வந்து ஏறிவிடும். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும்.

ராத்திரி பத்தரைக்குக் குழுவில் கணக்கு வரும். பஸ், படகு, தண்ணீர் பாட்டில், நடுவில் ஒருத்தி செருப்பு அறுந்து வாங்கிய புதுச் செருப்பு உட்பட. தலைக்கு 600 ரூபாய் வசூல் என்று முடிவானதில் பலர் 500 கொடுத்துவிட்டு “மிச்சம் அங்க தரேன் மச்சி” என்றவர்கள். கடைசி வரி: “சில பேர் இன்னும் தரல. பேரு சொல்ல விரும்பல.” எல்லாரும் படித்ததற்கு நீலக் குறி விழும், ஒரு பதிலும் வராது. சட்டப்படி அவர் பேர் சொல்லியே கேட்கலாம். கேட்கமாட்டார். பற்றாக்குறையைத் தன் பஸ் பாஸ் காசிலும் அக்காவிடம் வாங்கிய கடனிலும் அடைத்துவிட்டு, மறுநாள் அந்தமான் படத்தைத் தேடிக்கொண்டிருப்பார். மால்டா வரை யோசித்தவர் புளிசாதம் வரை இறங்கி வந்தாலும் ஏற்றிவிட்ட எல்லாரையும் ஏழு மணிக்குள் வீடு சேர்த்துவிட்டார். இதைச் சாதிக்காத அரசாங்கக் கமிட்டிகள் எத்தனையோ உண்டு.

இதைப் படிக்கிற நீங்களும் எப்போதோ ஒரு கமிட்டியோடு பாண்டி போயிருப்பீர்கள். அவருக்கு இன்னும் நூறு ரூபாய் பாக்கி இருக்கும். பழைய நம்பர்தான் வைத்திருப்பார், இன்றைக்கே ஜிபே பண்ணிவிடுங்கள்.