படிக்க நேரமில்லாதவருக்கு எழுதும் தொழில்

அரசு நாளை என்ன செய்ய வேண்டும் என்பதை இன்றே எழுதி வைத்துவிட்டு, அரசு அதைப் படிக்கும் நாளுக்காகக் காத்திருப்பதைத் தொழிலாகக் கொண்ட அமைப்பு கொள்கை ஆய்வு நிறுவனம் எனப்படும். சிந்தனைக் குழாம் என்றும் அழைக்கப்படும் இவ்வமைப்புகள் பல நாடுகளில் இருப்பினும், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மாசசூசெட்ஸ் அவென்யூ என்னும் ஒரே சாலையில் பல நிறுவனங்கள் குடியிருப்பதால், இத்தொழிலின் இயல்பை அறிய விழைவோர் அங்கே அதிகம் அலைய வேண்டியதில்லை. 1916இல் வேர்கொண்ட புரூக்கிங்ஸ் போன்ற நிறுவனங்களை மாணவர் இல்லாப் பல்கலைக்கழகங்கள் என்பர். மாணவர் இல்லாமையால் விடைத்தாள் திருத்தும் துன்பம் நீங்கியது உண்மையே; ஆயினும் தேர்வுக்கு அஞ்சியேனும் படித்தே தீர வேண்டிய வாசகரும் அத்துடன் நீங்கிவிட்டதால், இத்தொழிலின் இடர்கள் அனைத்தும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

வாசகர் தேடி வரமாட்டார் என்பதால், அவரைத் தேடிச் செல்லுமளவுக்கு அறிக்கை மெலிய வேண்டியுள்ளது. ஆய்வு உதவியாளர், அதாவது தரவு திரட்டி, அட்டவணை அமைத்து, அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து, முடிவில் நன்றியுரையில் மட்டும் இடம்பெறும் இளைஞர், மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கும் பெரிய அறிக்கை, முதலில் முகப்புச் சுருக்கமாகவும், பின்னர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கான இரண்டு பக்கக் குறிப்பாகவும், அதன்பின் மூத்த ஆய்வாளரின் பெயரில் நாளிதழ்க் கட்டுரையாகவும் இளைத்து, இறுதியில் தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் பாதியில் வெட்டிவிடும் ஒற்றை வாக்கியமாக எஞ்சுகிறது. 1973இல் தோன்றிய ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்னும் சிந்தனைக் குழாம் இதை முன்பே உணர்ந்து, கைப்பெட்டிக்குள் அடங்குவதாகவும், உறுப்பினர் விமான நிலையத்திலிருந்து காங்கிரஸ் சென்று சேர்வதற்குள் படித்து முடிக்கத்தக்கதாகவும் வெளியீடு அமைய வேண்டும் என்னும் அளவுகோலை வகுத்தது. அதே நிறுவனம் 1981இல் அதிபர் ரீகனின் அரசுக்கென வெளியிட்ட 'மேண்டேட் ஃபார் லீடர்ஷிப்' என்னும் நூல் ஆயிரம் பக்கங்களைக் கடந்ததை நோக்கும்போது, அவ்வாண்டு விமான நிலையம் சற்றுத் தொலைவுக்கு நகர்ந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

படிப்பவர் இல்லாத இத்துயரம் சிந்தனைக் குழாங்களுக்கு மட்டும் உரியதன்று. உலக வங்கி 2014இல் தன் கொள்கை அறிக்கைகளைத் தானே ஆராய்ந்து, அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை ஒருமுறைகூடப் பதிவிறக்கப்படவில்லை எனக் கண்டறிந்தது. எவரும் படிக்காத அறிக்கைகளைப் பற்றிய அந்த அறிக்கை மட்டும் செய்தித்தாள்கள் வழியே பரவலாகப் பேசப்பட்டது.

வாஷிங்டனில் ஆட்சி மாறும்போது பதவி இழந்த அதிகாரிகள் நிறுவனத்துக்கும், நிறுவனத்து ஆய்வாளர்கள் அரசுப் பதவிக்கும் இடம்பெயர்வதைச் சுழல் கதவு என்பர். நேற்றுவரை அறிக்கை அனுப்பியவர் இன்று அதைப் பெறும் நாற்காலியில் அமர்வதால் குறை தீர்ந்துவிடும் எனச் சிலர் நம்பலாம். ஆனால் அமர்ந்த சில வாரங்களிலேயே அவருக்கும் படிக்க நேரமில்லாமல் போகிறது. அடுத்த தேர்தலில் தம் கட்சி தோற்று அவர் பழைய அறைக்குத் திரும்பியதும், கொள்கை வகுப்போர் ஆய்வுகளைப் புறக்கணிக்கும் போக்கைக் குறித்து விரிவானதோர் அறிக்கை எழுதுவார்.

இவ்வளவுக்கும் இடையே இத்தொழிலுக்குப் பொருள் தட்டுப்பாடு மட்டும் நேர்வதில்லை. தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி 1910இல் ஒரு கோடி டாலர் வழங்கி, உலக அமைதிக்கான நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தபோது, போர் ஒழிந்ததும் எஞ்சும் தீமைகளுள் அடுத்த பெருந்தீமை எதுவெனக் கண்டு அதை ஒழிக்க முற்படுமாறு அறங்காவலர்களைப் பணித்திருந்தார். நூறாண்டு கடந்தும் அவர்களுக்கு அந்த இரண்டாம் பணியைத் தொடங்கும் அவசியம் நேரவில்லை. தீராத சிக்கலுக்கான பரிந்துரை, அதிலும் எவரும் படிக்காத பரிந்துரை, ஒருபோதும் பழையதாவதில்லை என்பதால், அட்டையில் ஆண்டை மாற்றினாலே அது மீண்டும் புதிய ஆய்வாகிவிடுகிறது.