விரல் வந்துவிட்டது, கோவை வரவில்லை

மேலிடம் அவர்கட்கு,
சுற்றறிக்கைகள் பிறக்கும் பகுதி,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

அரச உத்தியோகத்தரைக் கவனச் சிதறலிலிருந்து காப்பாற்றல் தொடர்பாக

மேற்படி விடயம் குறித்து வன்னியில் உள்ள ஒரு கந்தோரிலிருந்து எழுதிக்கொள்வது. கந்தோரின் பெயர் வேண்டாம். மற்றக் கடிதங்கள் எப்படியோ, இடமாற்றக் கடிதம் மட்டும் உங்களிடமிருந்து எப்போதும் சுணங்காமல் வந்து சேரும்.

2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி எங்கள் வருகையும் புறப்பாடும் கைரேகை இயந்திரத்தில் பதிவாகின்றன. எட்டரைக்கு வேலை தொடக்கம், நாலேகாலுக்கு முடிவு. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஏ9 வீதியால் பஸ்ஸில் வருகிறவர்கள் எட்டு இருபத்தைந்துக்கு இறங்கி, சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்து வரிசையில் நிற்பார்கள். விரலை வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ‘தாங்க் யூ’ என்கிறது. நாள் முழுக்க எங்களுக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு அதுதான், அதற்காக நன்றி.

எங்கள் உத்தியோகத்தர் ஒருவருக்கு அந்தப் பாராட்டும் கிடைப்பதில்லை. விடியப் புறமே வயலுக்குப் போய் வரம்பு கட்டிவிட்டு வருகிற மனிதர். ரேகையை மண்வெட்டிப் பிடி தின்றுவிட்டது. பெருவிரலைத் தண்ணீரில் தொட்டு, சேட்டில் துடைத்து, ஊதி, மறுபடி வைப்பார். ‘திரும்ப முயற்சிக்கவும்’ என்று அதே குரல் கண்டிப்போடு சொல்லும். அவர்மேல் நடவடிக்கை எடுக்குமுன் ஒன்றை யோசியுங்கள். 2022ஆம் ஆண்டு ஆனி மாதம், வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே எங்களுக்கு லீவு தந்தது. அந்த உத்தரவை இன்றுவரை சிரமேற்கொண்டு நிறைவேற்றி வருகிறவர் அவர் ஒருவர்தான்.

நேரம் பற்றி வன்னிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1996 மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினீர்கள். பிறகு ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தீர்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் மட்டும் மணிக்கூடு பழையபடியே ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கிறவர்கள் கைமணிக்கூட்டை அரை மணி திருப்புவார்கள். சம்பளம் தந்தது கொழும்பு நேரம், சோறு சமைத்தது பழைய நேரம். கூட்டம் பத்து மணிக்கு என்றால் யாருடைய பத்து மணி என்று கேட்டபிறகுதான் சைக்கிளை எடுப்போம். கடைசியில் 2006 ஏப்ரலில் நீங்களே பழைய நேரத்துக்குத் திரும்பினீர்கள். வன்னி நின்ற இடத்துக்குக் கொழும்பு வந்து சேரப் பத்து வருடம் பிந்தியிருக்கிறது. அப்போது இந்த இயந்திரம் இருந்திருந்தால் யாருடைய சம்பளத்தில் வெட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் பகுதியில் விசாரித்துச் சொல்லவும்.

அடுத்தது கவனம். மேசையில் இருந்தபடியே கவனத்தைக் குவிப்பது எப்படி என்று சூமில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, தொலைபேசியில் அறிவித்தல்களை நிறுத்த ஒரு செயலி. நல்ல யோசனைதான், புதிதல்ல. எங்கள் கவனம் சிதறாமல் இருக்க இதைவிடத் திறமான ஏற்பாட்டை 1990களில் அரசாங்கம் செய்து தந்திருந்தது. பொருளாதாரத் தடை என்று அதற்குப் பெயர். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பற்றரிக்குக்கூடத் தடை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்போம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. இந்த அளவுக்கு அறிவித்தல்களை நிறுத்திய செயலியை உலகத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குள்ளும் அரச கந்தோர்கள் நடந்தன. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் குறிப்பெழுத வேண்டாம்.

இன்றைக்கு எங்கள் கவனத்தைச் சிதறடிப்பவர் யார் என்று பயிற்சியில் கேட்டார்கள். முகநூல் என்று பதில் சொன்னோம், மரியாதைக்காக. உண்மையில் நீங்கள்தான். காலை ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை வந்து விழும், ‘இன்று பி.ப. 2.00 மணிக்கு முன்’ என்று. போன கிழமை வேறொரு பிரிவுக்கு அனுப்பிய அதே தரவு, நிரல் மட்டும் இடம் மாறியிருக்கும். பாமினி எழுத்துருவில் அடித்தது எங்கள் கொம்பியூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கும். அதற்குள் குழுவில் இருக்கிற அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கும்பிடு போடுவார்கள். கும்பிடுகளுக்குக் கீழே அட்டவணை புதைந்து போகும். அதைத் தோண்டி எடுக்க ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தரை நியமித்திருக்கிறோம். அவருக்குக் கதிரை இன்னும் வரவில்லை.

அப்படியொரு நேரத்தில்தான் ஓர் அம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புருசனுக்குக் கிடைத்த பெர்மிற் காணி. பெர்மிற் 2009 இடப்பெயர்வில் தொலைந்தது. பிரதி எடுத்து, பின்னுரித்தாளியாகத் தன் மகளின் பெயரைப் பதிய வேண்டும்.

“தம்பி, என்ர அலுவல் என்ன மாதிரி?”

“கோவை மேல போயிருக்கு அம்மா.”

“போன மாரிக்கும் மேலதான் இருந்தது. எப்ப இறங்கும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் எட்டு இருபத்தேழுக்கு வந்தேன் என்பதற்கு இயந்திரத்தில் சாட்சி உண்டு. அவருடைய கோவை யாருடைய மேசைக்கு எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தட்டில் படுத்திருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. மேசையில் பிழை சொல்ல முடியாது. ஜப்பானிய ஐந்து ‘எஸ்’ முறைப்படி எல்லாவற்றிலும் சிட்டை ஒட்டியிருக்கிறோம். மின்விசிறியில் ‘மின்விசிறி’ என்றும் எழுதியாயிற்று.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். கைரேகை இயந்திரத்தை வாசலிலிருந்து கழற்றிக் கோவைக்குப் பூட்டுங்கள். வந்த நேரம், போன நேரம், யாருடைய விரல் பட்டது என்று அதுவும் பதியட்டும். பிந்தினால் அதற்கும் லீவு வெட்டுங்கள். அந்த அம்மா வீட்டில் இருந்தபடியே தன் கோவை எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிந்தால் இரண்டு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். இந்த நாட்டில் முடியாத காரியமல்ல. 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசைத் தொலைபேசியிலேயே கட்டலாம். வாங்குகிற பக்கம் மின்னல் வேகம். கொடுக்கிற பக்கத்தில் எங்கள் அலுவலக உதவியாளர் கே.கே.எஸ். ஐயா கோவைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்.

கோவைக்கு விரல் கிடையாதே என்று நீங்கள் மறுமொழி எழுதலாம். அதுவும் நல்லதுக்குத்தான். 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர்கள் ஒரு கிழமை வேலைநிறுத்தம் செய்தபோது கைரேகையும் மேலதிக நேரக் கொடுப்பனவும்தான் பெரிய பேச்சாக இருந்தன. கோவைகளுக்கோ விரலும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. இதைவிட வசதியான ஊழியரை எங்கே தேடுவீர்கள்?

தங்கள் உண்மையுள்ள,
வலது கைப் பெருவிரல்
(உரிமையாளர் களக்கடமையில்)

பிரதிகள்:
1. கணக்குப் பகுதி – 1996 முதல் 2006 வரையான அரை மணித்தியால நிலுவைக்காக
2. அலுவலக வாட்ஸ்அப் குழு – தகவலுக்காக மட்டும். கும்பிடு வேண்டாம்.