பிட்டை ராவிய பேராண்டிக்கு

வாடா பேராண்டி. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனாண்ட செல்போன் கடை போட்ட பெரிய மெக்கானிக்கு, மூஞ்சி ஏன் தொங்கிப் போச்சு? சால்டரிங் அயர்ன் பிட்டுல லெட் ஒட்டலையா? உருண்டு உருண்டு விழுதா? விழும்டா. நேத்து வீட்டுக்குக் கொண்டாந்து அரத்தால பளபளன்னு ராவுனியே, திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். நீ டிப்ளமா படிச்சவன், கெழவன் பேச்சு ஏறுமா?

அந்தக் காலத்து பிட்டு முழுச் செம்பு. குழி விழுந்தா ராவி, சூட்டோட ஈயம் பூசிக்கலாம். உன்னுது உள்ள செம்பு, மேல இரும்பு முலாம். உருகுன ஈயம் செம்பைக் கரைச்சுத் தின்னும்; அதைத் தடுக்கத்தான் அந்த முலாம். நீ காவக்காரனையே ராவித் தள்ளிட்ட. இனி முனை தேய்ஞ்சுக்கிட்டே போகும், பாரு.

பிட்டு கறுத்துப் போனா அதுக்கு மருந்து அரம் இல்ல. பித்தளைச் சுருள்ல ரெண்டு குத்து, பேஸ்ட்டுல ஒரு முக்கு, உடனே புது லெட். திரும்பத் துடை, திரும்ப லெட்டு. அதுக்கும் மசியலைன்னா நவச்சாரம். தெருவுல துருத்தி வெச்சு ஈயம் பூசுவாங்களே, காஞ்ச பித்தளையில நவச்சாரப் பொடி போட்டுத் துணியால இழுத்தா குப்புன்னு வெள்ளைப் புகை கெளம்பும், கறை கழண்டு ஈயம் வழவழன்னு ஓடும். இப்ப சின்ன டப்பாவுல ‘டிப் டின்னர்’னு விக்கிறானே, பலதுல அம்மோனிய உப்பும் ஈயத்தூளும்தான். அந்தப் புகையை மோந்துக்கிட்டு நிக்காதே. வேலை முடிஞ்சதும் நல்லாத் துடைச்சு, ராசின் லெட்டால ஒரு பூச்சு போட்டுடு. மிச்சம் போர்டுல பட்டா செம்பை அரிச்சுடும்.

ஆனா வியாதியை வரவழைக்கிறவனே நீதானே. உன் 60/40 லெட் உருகி முடிய 190 டிகிரி போதும், மிஷின்ல 350 வெச்சாலே தாராளம். நீ 450-க்கு ஏத்தி வெச்சுட்டு டீக்கடைக்குப் போயிடுற. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு சரியா தப்பான்னு நீ தீர்ப்பு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இங்க பிட்டு கருகிடுது.

பிட்டைத் துடைக்கிற ஸ்பாஞ்சைப் பாத்தா அழுகை வருது. பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை படியுற போர் தண்ணியைச் சொட்டச் சொட்ட ஊத்தியிருக்க. நீ மட்டும் கேன் தண்ணி குடிக்கிற. அதுல நாலு சொட்டு பிட்டுக்கும் குடேன். பிழிஞ்ச ஈரம் போதும். ராத்திரி அணைக்கிறப்ப துடைச்சுட்டு அணைக்காதே, முனை மூழ்க லெட்டை வெச்சு அப்படியே விடு. காலையில சூடேறுனதும் துடைச்சுக்கலாம்.

ராவுன பிட்டை அந்தக் கடவுளாலயும் காப்பாத்த முடியாது. எழும்பூருக்கு டிக்கெட் எடுத்து, ரிச்சி தெருவுல புதுசு வாங்கிக்கோ. ‘இதை ராவலாமாண்ணே’ன்னு மட்டும் கேட்டு மானத்தை வாங்காதே.

அப்படியே நாட்டு மருந்துக் கடையில நவச்சாரம் கொஞ்சம் தாராளமா வாங்கு. உங்க பாட்டி பித்தளைக் குண்டான் ஈயம் போயிக் கெடக்கு, புளி பட்டாலே பச்சையா களிம்பு ஏறுது. உன் கடை லெட்டைக் கொண்டாந்து பூசிடப் போற. அதுல நூத்துக்கு நாப்பது காரீயம். பாத்திரத்துக்கு சுத்த வெள்ளீயம்தான் வேணும். காசா? பிட்டுக் கணக்குலயே எழுதிக்கோடா.